திறந்து பார்க்காத வாய்

"உங்க அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நீயே சொல்லு."

தையல்கார அக்கா இதைக் கேட்டபோது நாங்கள் வட்டார சபை அலுவலகத்தின் தாழ்வாரத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். மாடு இழந்தவர்கள் நிரப்ப வேண்டிய மஞ்சள் படிவம் எல்லார் கையிலும் இருந்தது. எங்கள் வீட்டுப் படிவத்தை நிரப்ப நான் போயிருந்தேன். அக்காவுக்கு ஒரே ஒரு பசுவும் அதன் கன்றும்தான். கணவர் இறந்த பிறகு தையல் மிஷினும் அந்தப் பசுவும் சேர்ந்துதான் அந்த வீட்டை ஓட்டின. இப்போது மிஷின் மட்டும் இருந்தது.

"என் பசு வாயைத் திறந்து பாத்தாருடி. ஆறு பல்லு, இன்னும் நாலு ஈத்து தாங்கும்னு சொன்னாரு. துணியால வாயைத் தொடைச்சு விட்டாரு. ஊரான் வீட்டுப் பசு வாயைத் திறந்து பாக்குறவரு, தன் வீட்டுப் பசு வாயைத் திறந்து பாக்காமலா கெளம்பி வந்திருப்பாரு?"

வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேனா எழுதவில்லை என்று சொல்லி நான் அதை உதறிக்கொண்டே நின்றேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

அப்போது பள்ளி இறுதித் தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருந்தேன். அதன் பிறகு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும் கூடவே வருகிறது. அதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை. அதனால்தான் அப்பாவின் கதையை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அப்பாவை எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் 'பல்லுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூக்கை ஒரு கையால் பிடித்துத் தூக்கி, மறுகைக் கட்டைவிரலால் கீழுதட்டை இழுத்து, நாக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பார்வை. "ரெண்டு பல்லு." "நாலு பல்லு, ஒண்ணு இப்பதான் விழுந்திருக்கு." "கடை சேர்ந்துடுச்சு, எட்டுப் பல்லும் முளைச்சு வயசாயிடுச்சு, இனிமே விக்காதீங்க, உங்க கூடவே இருக்கட்டும்." எவ்வளவு முரட்டு மாடாக இருந்தாலும் அவர் கைக்கு வாயைக் கொடுத்துவிடும். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால், "பல்லுக்காரர் வர்றாரு, எல்லாரும் வாயை மூடிக்குங்கப்பா, வயசைச் சொல்லிடுவாரு" என்று யாராவது கத்துவார்கள். பொய்யாகச் சொல்லவில்லை, தலைக்குச் சாயம் பூசியவர்கள் உண்மையாகவே வாயை மூடிக்கொள்வார்கள்.

அரசியலுக்கு அவர் வந்தது இரண்டு கேன் பாலால். பால் சங்கத்தில் கொழுப்பு அளக்கும் குமாஸ்தா, ஆளைப் பார்த்து அளவைச் சொல்வான் என்று எல்லாருக்கும் சந்தேகம். வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை. அப்பா ஒரு காலை, ஒரே பசுவிடம் கறந்த பாலை இரண்டு கேன்களில் ஊற்றினார். ஒன்றைத் தன் பெயரிலும் மற்றொன்றைச் சங்கத் தலைவர் பெயரிலும் அனுப்பினார். தலைவர் பெயரில் போன பாலில் கொழுப்பு அதிகம் என்று சீட்டு வந்தது. இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"ஒரே பசு, ஒரே கறவை. தலைவர் பேர்ல போனா கொழுப்பு ஏறுது, என் பேர்ல போனா எறங்குது. பசு என்ன, கட்சி பாத்தா கறக்குது?"

கூட்டம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனதாம். அடுத்த வருடம் அவர்தான் சங்கத் தலைவர். அதற்கடுத்த தேர்தலில் வட்டார சபை உறுப்பினர். அப்போது எனக்கு மூன்று வயது. தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தார். கால்நடைக் குழுவின் தலைவராகவும் ஆனார்.

ஆனால் மாடுகளை விடவில்லை. பதினாறு பசு, இன்னும் கன்று போடாத இரண்டு கிடாரி, ஒரு காளை. விடியும் முன்பே கறந்து முடித்து, அதே சட்டையோடு சபைக்குப் போவார். அவர் பேச எழுந்தால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் ஜன்னலைத் திறந்து வைப்பாராம். அப்பா ஒரு நாள் பேச்சை நிறுத்திவிட்டு, "தம்பி, நாத்தம் என் சட்டையில இருக்கு, தீர்மானத்துல இல்ல. உங்க தீர்மானத்தை ஒரு தடவ மோந்து பாத்துட்டு அப்புறம் ஜன்னலைத் தொறங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மா இதை நூறு தடவையாவது எங்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவர் ஓட்டுக் கேட்கும் முறையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மற்ற வேட்பாளர்கள் வீட்டு வாசலில் நின்று கும்பிடுவார்கள். அப்பா வாசலுக்கே போகமாட்டார். பின்பக்கமாகச் சுற்றி நேராக மாட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் செருகிய ஒரு துணி. மாட்டின் வாயைத் திறப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார், சினை எத்தனை மாதம் என்று சொல்வார், கையைத் துணியில் துடைத்துக்கொள்வார். ஓட்டு என்ற வார்த்தையே கடைசியில்தான் வரும், சில வீட்டில் வரவே வராது.

"வாசல்ல நின்னா நமக்கும் பொய் வரும், அவங்களுக்கும் பொய் வரும்" என்பார். "கொட்டகைக்குள்ள பொய் சொல்ல முடியாது. மாடு முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும்."

ஒரு வீட்டில் ஒரு பெண், "அண்ணே, மாட்டுக்கெல்லாம் வயசு சொல்றீங்களே, எங்க வீட்டுக்காரரையும் கொஞ்சம் பாருங்க. கல்யாணத்தப்ப ஆறு வருஷத்தை மறைச்சுட்டாங்க" என்றாளாம். அப்பா, "வேணாம்மா, அவரு வாயைத் தொறந்தா மூடமாட்டாரு, எனக்கு இன்னும் பத்து வீடு பாக்கி இருக்கு" என்றாராம். அந்த வீட்டு ஓட்டு எப்போதும் அவருக்குத்தான்.

எனக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது பக்கத்து வட்டாரத்தில் கோமாரி வந்தது. வாயும் குளம்பும் வெந்து, கொப்புளம் உடைந்து, மாடு எச்சில் வடித்துக்கொண்டு நிற்கும் நோய். ஆளுக்கு வராது. ஆனால் ஆளின் கையில், காலில், துணியில் ஒட்டிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போய்விடும். அப்பா அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே முதலில் தன் மாட்டில் நோயைக் கண்டவர் ஒரு வாரம் மறைத்திருந்தாராம்.

திரும்பி வந்து சபையில் ஒரு விதியைக் கொண்டுவந்தார். எங்கள் வட்டாரம் நோயற்ற வட்டாரம் என்று பெயர் வாங்கியிருந்ததால் தடுப்பூசி போடுவதில்லை. அதனால் விதி கடுமையாக இருந்தது. மாடு எச்சில் வடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் மாட்டு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். யாரும் உள்ளே போகக் கூடாது, வெளியே வரக் கூடாது. நோய் உறுதியானால் அந்தக் கொட்டகையிலும் அதற்குப் பக்கத்துக் கொட்டகைகளிலும் உள்ள எல்லா மாடுகளையும் கொன்று புதைக்க வேண்டும். பலர் எதிர்த்தார்கள். தீவனக் கடைக்காரர் பார்வையாளர் இடத்திலிருந்தே எழுந்து கேட்டார்.

"உங்க வீட்டு மாட்டுக்கு வந்தா என்ன செய்வீங்க, பல்லுக்காரரே?"

"முதல் போன் என்னுதா இருக்கும்" என்றார் அப்பா.

இது சபைக் குறிப்பேட்டில் எழுத்தில் இருக்கிறது. விதி நிறைவேறியது. டாக்டரின் போன் எண்ணைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்து, வட்டாரத்தில் இருந்த ஒவ்வொரு கொட்டகைக் கதவிலும் தன் கையாலேயே ஒட்டினார். எங்கள் கொட்டகைக் கதவில்தான் முதல் தாள்.

நான்காவது தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் அதே தீவனக் கடைக்காரர். கெட்டவர் இல்லை. கடனுக்குத் தீவனம் கொடுப்பவர், வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர். அவருடைய ஒலிபெருக்கி வண்டி தெருத் தெருவாகப் போய், "பல்லுக்காரருக்குக் கடை சேர்ந்தாச்சு! இனி கறவை இல்லை!" என்று கத்தியது. அப்பாவே அதைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. முந்தின தேர்தலிலேயே கொஞ்ச ஓட்டில்தான் தப்பித்திருந்தார்.

அவருக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. வட்டாரத்துக்கு ஒரு மாட்டு ஆஸ்பத்திரி வேண்டும் என்று எட்டு வருடம் அலைந்து ஒப்புதல் வாங்கி வைத்திருந்தார். தீவனக் கடைக்காரர் ஜெயித்தால் அது நகரத்துக்குப் போய்விடும் என்று பேச்சு. இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ஜெயிப்பது அவருக்குப் பிடிக்கும். பின்பக்கமாகப் போகும் போதே உள்ளேயிருந்து "வாங்கண்ணே" என்று குரல் வருமே, அது அவருக்கு வேண்டும்.

ஓட்டுப் போடும் நாளுக்கு ஒன்பது நாள் முன்பு, காலையில், நான் கொட்டகையில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். நெற்றிவெள்ளை என்று நாங்கள் கூப்பிடும் பசு தொட்டியில் வாயை வைக்கவில்லை. அதன் வாய் ஓரத்திலிருந்து எச்சில் கயிறு மாதிரி தரை வரைக்கும் தொங்கியது. வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அப்பா, நெத்திவெள்ளையைப் பாருங்களேன்."

அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். வெளியே வண்டியில் மாமா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பிரசார வண்டியை அவர்தான் ஓட்டுவார்.

அப்பா வந்தார். பசுவின் முன்னால் நின்றார். வழக்கம்போல வலது கை அதன் மூக்கைப் பிடிக்க எழுந்தது. பாதியில் நின்றது. இடுப்பிலிருந்த துணியை உருவி, தொங்கிய எச்சிலைத் துடைத்தார். பிறகு அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"வைக்கோல் குத்தியிருக்கும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அதைப் பிரிச்சு அந்த ஓரத்துல கட்டிடு. ஓட்டு முடியட்டும், டாக்டரம்மாவை வரச் சொல்றேன்."

துணியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அன்று அவர் பதினொரு கொட்டகைக்குள் போனார். மூன்றாவது, தையல்கார அக்காவுடையது.

எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அவர் மாட்டின் வாயைத் திறந்து பார்க்காமல் ஒரு கொட்டகையைவிட்டு வெளியே வந்ததை நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். வைக்கோல் குத்தியது என்று நினைத்திருந்தால் அவர் திறந்திருப்பார், குத்திய துண்டை எடுத்துப் போட்டிருப்பார். திறந்தால் என்ன இருக்கும் என்ற பயத்தில்தான் அவர் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓட்டு முடியும் வரை அவர் எங்கள் கொட்டகைக்குள்ளேயே வரவில்லை. அம்மாவும் நானும்தான் கறந்தோம். மூன்றாம் நாள் நெற்றிவெள்ளை நொண்டியது. அம்மா அதன் வாயை உப்புத் தண்ணீரால் கழுவினாள். கையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். அன்று மத்தியானம் அப்பா சாப்பிட வந்தபோது கேட்டாள்.

"டாக்டரைக் கூப்பிட்டா என்ன?"

"கூப்பிட்டா இன்னைக்கே எல்லாக் கொட்டகையையும் மூடிடுவாங்க."

"அதுக்குத்தானே விதி போட்டீங்க?"

"நீ பாத்தியா? கோமாரின்னு உனக்குத் தெரியுமா?"

"நான் டாக்டரா? நீங்க வந்து பாருங்களேன். பத்தடி தூரம்தானே."

அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

ஐந்தாம் நாள் பசு கொஞ்சம் தின்றது. "தேறிட்டா" என்றாள் அம்மா. எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. கொட்டகைக் கதவில் சிவப்பு எழுத்தில் போன் எண் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்து மூடியது நானும்தான். நானும் போன் செய்யவில்லை. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

ஓட்டு எண்ணிய நாள். பள்ளிக்கூட மண்டபத்தில் எண்ணிக்கை. அம்மாவும் நானும் வெளியே மரத்தடியில் நின்றோம். மத்தியானம் ஜெயித்துவிட்டார் என்று சத்தம் கிளம்பியது. இந்த முறை நல்ல வித்தியாசம். கொட்டகை கொட்டகையாகப் போனது பலித்துவிட்டது என்று மாமா குதித்தார். நாலைந்து பேர் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அதே நேரத்தில் டாக்டரம்மாவின் ஜீப் வந்து நின்றது. அவர் வெள்ளை மேலுடையைக்கூடக் கழற்றவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அப்பாவுக்கு நேரே வந்தார்.

"சார், கீழ வாங்க. கோமாரி."

"எங்க?"

"தையல்காரங்க வீட்ல மொதல்ல. காலையில எச்சில் வடிஞ்சிருக்கு, அரை மணி நேரத்துல போன் பண்ணிட்டாங்க. வரும்போதே பக்கத்துக் கொட்டகைகளையும் பாத்தேன். இதுவரைக்கும் ஏழு கொட்டகை. எல்லாம் நீங்க பிரசாரம் போன ரோடு, சார்."

தூக்கியவர்களுக்கு இது காதில் விழவில்லை. அவர்கள் கோஷம் போட்டுக்கொண்டே நடந்தார்கள். அப்பா மேலிருந்து கத்தினார்.

"எறக்குங்கடா! என் பூட்ஸைத் தொடாதீங்கடா! எறக்குங்க!"

அவர்கள் அதைச் சந்தோஷம் என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார்கள். அவர் கால்களை மடக்கி, பூட்ஸ் யார் மேலும் படாமல் தோள்களின் மேல் குறுகி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஜெயித்த மனிதன் மாதிரி இல்லை.

கீழே இறங்கியதும் டாக்டரிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "முதல்ல என் கொட்டகைக்கு வாங்க."

நெற்றிவெள்ளையின் வாயை அப்பாவே பிடித்துத் திறந்தார். ஒரு கையால் மூக்கு, மறு கட்டைவிரலால் உதடு, நாக்கை ஓரம் தள்ளி. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறிலும் நாக்கிலும் புண் ஆறி, தோல் புதிதாக வளர்ந்து, அங்கங்கே வெளிறிய தழும்பு.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் டாக்டரம்மா. குரல் தணிந்திருந்தது. "புண்ணுக்கும் வயசு சொல்லலாம், உங்க பல்லு மாதிரிதான். தையல்காரங்க பசுவுக்குக் கொப்புளம் நேத்து வந்தது. இது பத்து நாள் ஆச்சு. இங்கிருந்துதான் போயிருக்கு."

அப்பா பசுவின் வாயை விடவில்லை. அது தலையை இழுத்தது. அவர் இன்னும் உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். அம்மாதான் போய் அவர் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

கால்நடைக் குழுத் தலைவர் என்ற முறையில், எங்கள் மாடுகளைக் கொல்லும் உத்தரவில் அவரே கையெழுத்துப் போட்டார். அன்று மாலைக்குள் பத்தொன்பதும் முடிந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மற்றவர்களுடையது. இருபத்து மூன்று கொட்டகைகள். எல்லா மாடும் நோயுற்றவை இல்லை. பாதிக்கு மேல் நல்ல மாடுகள், பக்கத்துக் கொட்டகையில் இருந்தது மட்டும்தான் அவற்றின் தப்பு. எங்கள் வட்டாரத்தில் காலையில் கேட்கும் சத்தங்களில் ஒன்று அந்த வாரத்தோடு நின்றுபோனது.

உள்ளே போக அனுமதி இல்லாததால் அப்பா ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே சாலையில் போய் நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை. போகாதீர்கள் என்று அம்மா கெஞ்சினாள். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் கதவருகே வந்து, "என்ன பல்லுக்காரரே, ஓட்டுக் கேட்டு வந்தீங்களா? உள்ள வாங்களேன், வாயைத் தொறந்து பாருங்க, எல்லாம் வரிசையா படுத்திருக்கு" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றார். இன்னொரு வீட்டில் ஒரு பெண் வாளித் தண்ணீரை அவர் காலடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவர் ஆறு பல் என்று சொன்ன பசுவை லாரியில் ஏற்றும்போது, தையல்கார அக்கா சாலைப் பக்கம் திரும்பவே இல்லை.

சபை கூடுவதற்கு முந்தின நாள் அப்பாவின் கட்சிச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரே வார்த்தை. 'தெரியாது.' நாளைக்கு எழுந்து அதை மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுங்க. மத்ததை நாங்க பாத்துக்குறோம்."

அப்பா டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆறின புண்ணு. வெளியில ஒண்ணும் தெரியலைன்னு சொல்லலாம். யாரு மறுக்கப் போறா? பாத்தது உங்க வீட்டு ஆளுங்க மட்டும்தானே?"

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். அந்தக் காலைக்குப் பிறகு அப்பா என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் காலி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதுதான் இரவு முழுக்க எங்கள் வீட்டின் ஒரே கவலை. 'தெரியாது' என்று சொன்னால் பதவி இருக்கும், கொஞ்சம் மரியாதையும் மிஞ்சும். ஆனால் அதன் பிறகு நானும் அவரும் ஒரே வீட்டில் எப்படி இருப்பது?

மறுநாள் பார்வையாளர் இடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் தீவனக் கடைக்காரர். ஐந்து வருடம் முன்பு கேட்டதையே கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா எழுந்தார். அன்று துவைத்த சட்டை. அதில் எந்த வாசனையும் இல்லை.

"தெரியும்னு சொன்னா அது பொய். தெரியாதுன்னு சொன்னா அது பெரிய பொய்" என்றார். "அன்னைக்குக் காலையில என் பசு எச்சில் வடிச்சுது. நான் வாயைத் தொறந்து பாக்கல. தொறந்தா தெரிஞ்சிடும்னுதான் தொறக்கல. அதே துணியோட உங்க கொட்டகைக்கு வந்தேன். விதியில இதுக்குத் தண்டனை எழுதல. எழுதினவன் நான்தான், எனக்கு இது தோணல."

ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நாற்காலிகள் நகர்ந்து அவருக்கு வழி விட்டன. கட்சிச் செயலாளர் மட்டும், "கெடுத்துட்டியேய்யா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

மறுதேர்தலில் தீவனக் கடைக்காரர் ஜெயித்தார். ஆனால் அவரிடம் தீவனம் வாங்கியவர்களிடம் இப்போது மாடு இல்லை. ஆறு மாதத்தில் கடையை மூடிவிட்டார். ஒரு நாள் அப்பாவை வழியில் பார்த்து, "உங்களைத் தோக்கடிக்கணும்னு நெனச்சேன், இப்படியில்ல" என்றாராம்.

மாட்டு ஆஸ்பத்திரி நகரத்துக்குப் போகவில்லை. ஒப்புதல் ஏற்கெனவே உறுதியாகியிருந்ததால் எங்கள் வட்டாரத்திலேயே கட்டினார்கள். யார் ஜெயித்திருந்தாலும் கட்டியிருப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதை அப்பாவிடம் சொல்ல எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கலாம். அகலமான கதவு, மாடு நிறுத்த இரும்புச் சட்டம், எல்லாம் அவர் கேட்டபடியே. டாக்டரம்மா அங்கே நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிறார்.

சிலர் மறுபடி மாடு வாங்கியிருக்கிறார்கள், ஒன்று இரண்டு. எங்கள் கொட்டகை சுண்ணாம்பு அடித்து வெறுமையாக இருக்கிறது. அப்பா இன்னும் கறவை நேரத்துக்கு எழுந்துவிடுகிறார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாலையில் மாடு போனால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். பல்லைப் பற்றி அவர் பேசி நான் கேட்கவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய கிடாரியைக் கொண்டுவந்து, பழைய நினைப்பில், "அண்ணே, எத்தனை பல்லுன்னு பாருங்களேன்" என்றார். அப்பாவின் வலது கை தானாக எழுந்தது. பாதியில் நின்றது. அன்று காலை நின்ற அதே இடத்தில். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் நான் தையல்கார அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் பழைய கொட்டகையில் மிஷினைப் போட்டு ஒரு பாவாடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். பசு கட்டியிருந்த இடத்தில் இப்போது துணி மூட்டைகள்.

"அக்கா, அன்னைக்கு வரிசையில ஒண்ணு கேட்டீங்களே."

"ம்."

"வாயைத் தொறந்து பாக்காமதான் வந்தாரு. நான் பக்கத்துலயே நின்னேன். எனக்கும் தெரியும்."

மிஷின் நின்றது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்று நின்றேன்.

"அவருதான் சபையிலயே சொல்லிட்டாரே" என்றார். "நீ எதுக்கு வந்த?"

"என் வாயால சொல்லணும்னு..."

"சொல்லிட்ட. கதவைச் சாத்திட்டுப் போ, தூசி வருது."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கதவைச் சாத்தும்போது பார்த்தேன். அதில் அப்பா ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. சிவப்பு எழுத்து வெளுத்துப்போயிருந்தது, எண் மட்டும் படிக்க முடிந்தது. அதைப் படித்து அவர் போன் செய்தார். அதை ஒட்டியவர் வீட்டில் யாரும் செய்யவில்லை.

எங்கள் ஊரில் இப்போது இரண்டு கதைகள் உலவுகின்றன. பதவிக்காக வேண்டுமென்றே நோயைப் பரப்பினார் என்பது ஒன்று. பாவம், ஒன்றும் அறியாத மனிதர், மற்றவர்களைக் காப்பாற்றப் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார் என்பது மற்றொன்று. இரண்டும் பொய். இரண்டாவதைக் கேட்கும்போது அப்பா எழுந்து போய்விடுகிறார்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடந்ததை நடந்தபடியே இன்னொருவருக்குச் சொல்லுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் தெரிந்தால் முதலில் அவர்களுக்கு, படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். அவரை நல்லவராக்கவும் வேண்டாம், கெட்டவராக்கவும் வேண்டாம். கை மூக்கை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது, வாயைத் திறக்கவில்லை, வண்டி ஹாரன் அடித்தது, அவர் போய்விட்டார். இவ்வளவையும் விடாமல் சொன்னால் போதும்.